பச்சைக் குருதி

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் இட் சாப்ட்வேர் நிறுவனத்தார் கணினிக்கென ஆக்கிய 'டூம்' என்னும் சுடும் ஆட்டம், 2001ஆம் ஆண்டில் நின்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியினுள் குடிபுகுந்தது. செவ்வாயின் துணைக்கோள்களில் நரகப் படைகளை ஒருவன் தன்னந்தனியே எதிர்ப்பதே கதை. அவ்வீரனை நாம் எதிரே நின்று காண்பதில்லை. அவன் கண்களே நம் கண்கள். திரையின் அடியில் நீளும் துப்பாக்கியே நம் கை.

கருவி மாறியபோது குருதியின் நிறமும் மாறிற்று. மூலத்தில் சிவந்து தெறித்தது இங்கே பச்சையாய்த் தெறிக்கின்றது. சிறார் கையில் தவழும் பொருளாயிற்றே என்னும் கூச்சம் போலும்! குறி பார்ப்பதும் சுடுவதும் வீழ்த்துவதும் அப்படியே இருக்க, நிறத்தை மட்டும் மாற்றியதால் யாருக்கு என்ன நன்மை? சிவப்பைக் கண்ட பிள்ளை ஒரு கணமேனும் முகஞ்சுளிக்கக் கூடும். பச்சை அந்தச் சுளிப்பையும் பறித்துக்கொள்கிறது. பெற்றோரின் மனச்சாட்சிக்குப் பூசிய சாயமென்றே இதனை நாம் கருதுகிறோம். ஆட்டத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமெனில், வளர்ந்த பிள்ளைக்குச் சிவப்பு மூலத்தையே, தாமும் அருகமர்ந்து, கொடுப்பது நேர்மை.

அகலத்தில் 240, உயரத்தில் 160 புள்ளிகளே கொண்ட திரையில் அத்தனை தாழ்வாரங்களையும் அடக்கிய தொழில்திறனை மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்வாட்டத்தின் உயிர் இருட்டில் இருக்கிறது; அன்றைய கருவிக்கோ பின்னொளி கிடையாது. நரகத்தின் இருளில் வழி காண, ஆடுபவர் பட்டப்பகலில் சன்னலோரம் வெயில் தேடி அமர வேண்டியிருந்தது. அங்கே அச்சம் எப்படி வரும்?