கொடுமுடி கோகிலமும் கவுந்தி அடிகளும்

நான் புலவர் பட்டம் பெற்றவன் அல்லன். பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி, கூட்டமில்லாத மத்தியான நேரங்களில் சிலப்பதிகாரம் படித்தவன். அதனால் இந்தக் கட்டுரையில் புலமைக் குறை இருந்தால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரைப் பற்றிப் பாட்டுத் தெரிந்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். சமணக் குடும்பத்தில் பிறந்த ஒருவன் அவரை எப்படிப் பார்த்தான் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்தத் துணிச்சலில்தான் எழுத வந்தேன்.

முதலில் நம் பிள்ளைகளுக்காக நாலு வரி. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் "கே.பி.எஸ். யார்?" என்று கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1908ஆம் ஆண்டு கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக ரயிலில் பாடிக்கொண்டு போனபோது அந்தக் குரலைக் கேட்டவர்கள் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள் என்பது அவர் வரலாற்றில் தவறாமல் வரும் செய்தி. ஸ்பெஷல் நாடகங்களில் பாடி நடித்து, இலங்கைக்கும் போய்ப் பெயரெடுத்தார். அங்கேதான் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். அவர் வேலன், இவர் வள்ளி. அந்த ஜோடியின் பாட்டுக்காக ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் மறைந்தார். அம்மையாருக்கு அப்போது இருபத்தைந்து. அன்று கட்டிய வெள்ளைப் புடவையை 1980இல் மறையும் வரை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்துகொண்டார்.

இந்த முடிவைத் தியாகம் என்று போற்றுவார்கள். போற்றட்டும். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்த விரதம் அவர் ஏற்ற பாத்திரங்களையே தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது. வரிசையாகப் பாருங்கள். 1935இல் 'நந்தனார்', ஆண் வேடம். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் என்று அந்தக் காலமே வாயைப் பிளந்த படம். 1940இல் 'மணிமேகலை', அழகையும் அரசகுமாரனையும் உதறிய பௌத்தத் துறவி. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்', இளமையே வேண்டாம் என்று முதுமையைக் கேட்டு வாங்கியவள். 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். 1973இல் 'காரைக்கால் அம்மையார்'. அதில் புனிதவதியாக லட்சுமி நடித்தார், பேய்வடிவம் கேட்ட பின்னான அம்மையாராக இவர். ஐந்து பேரில் ஒருவருக்காவது கதையில் நடக்கிற குடித்தனம் உண்டா? சைவம், பௌத்தம், சமணம் என்று தமிழ்நாட்டுச் சமயங்களின் துறவெல்லாம் ஒரே பெண்மணியின் மேல் வந்து உட்கார்ந்தது. வேறு எந்த மொழிப் படத்திலாவது இப்படி ஒரு நடிகை உண்டா என்று இங்கே சினிமா தெரிந்த நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அவர்களால் சொல்ல முடியவில்லை.

நடிப்பு என்று பார்த்தால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். திரைக்கு ஏற்ற நுணுக்க நடிப்பு அம்மையாருக்கு வாய்த்ததென்று நான் நினைக்கவில்லை. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைப் பாய் வரைக்கும் கேட்கப் பாடியவர். தலை நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, எதிரே ஆயிரம் பேர் இருப்பதாகவே பேசுவார். காமிரா பக்கத்தில் வரும்போதும் அதே நிலைதான். கண்ணிலும் கன்னத்திலும் சின்னச் சின்ன மாறுதல் காட்டுகிற வித்தையை அவர் பழகவே இல்லை. அந்த வேலையை முழுக்கக் குரல் செய்தது. வார்த்தையை மென்று விழுங்காமல், 'ழ'கரமும் 'ள'கரமும் தனித்தனியே விழும்படி, அடிவயிற்றிலிருந்து எழுகிற குரல். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மெலியாது, அகலும். 'துணைவன்' படப் பாட்டுக்காக 1969ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது என்பதைப் பாடகிகள் கவனிக்க வேண்டும்.

சரி, கவுந்திக்கு வருகிறேன். இதற்குத்தான் இவ்வளவு சுற்றினேன்.

மேடையிலும் திரையிலும் சமணர் வந்தால், நான் பார்த்த வரைக்கும், வாதத்தில் தோற்பதற்காகத்தான் வருவார்கள். இல்லையென்றால் சூழ்ச்சி செய்ய. சின்ன வயசில் இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "நாம கெட்டவங்களா?" என்று கேட்காத நயினார் வீட்டுப் பிள்ளை குறைவு. அப்படிப்பட்ட திரையில், ஊரே கையெடுத்துக் கும்பிடும் தாயாக ஒரு சமணத் துறவி வந்தது 'பூம்புகார்' படத்தில். கதை வசனம் மு. கருணாநிதி, இயக்கம் ப. நீலகண்டன், இசை ஆர். சுதர்சனம். எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. சமணத் துறவிக்கு வசனம் எழுதியவர் நாத்திகர், நடித்தவர் முருக பக்தை. கட்சியிலும் அவர் தி.மு.க., இவர் காங்கிரஸ் சார்பில் மேலவைக்குப் போனவர். வேடிக்கைதான். ஆனால் சிலப்பதிகாரமே இப்படி ஒரு கலவைதானே. இளங்கோ எந்தச் சமயம் என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறோம்.

எங்கள் கிராமம் வந்தவாசிப் பக்கம். டூரிங் கொட்டகையில் இந்தப் படம் மறுபடி வந்தபோது எனக்குப் பத்து வயசிருக்கும். என் பாட்டி அதுவரை சினிமா பார்த்ததில்லை. பொழுது சாய்ந்தபின் வாயில் பச்சைத் தண்ணீர்கூட விடாதவர். "கவுந்தி வராளாமே" என்று யாரோ சொல்ல, அஞ்சு மணிக்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டு முதல் ஆட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது ஒற்றையடிப் பாதையில் அவர் சொன்ன விமர்சனம் இது: "குரலு நல்லாத்தான் இருக்குது. ஆனா கீழ பாத்து நடக்கலியேடா அந்தம்மா."

அந்தப் பேச்சின் அருமை எனக்கு நாற்பது வயதில், நாடுகாண் காதையை ஒழுங்காகப் படித்தபோதுதான் விளங்கிற்று. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு வந்து கவுந்தியின் பள்ளியை அடைகிறார்கள். மதுரைக்குத் தானும் வருவதாகச் சொல்லி அடிகள் கிளம்புகிறார். பிச்சைப் பாத்திரம், உறி, மயிற்பீலி எடுத்துக்கொள்கிறார். கிளம்பும்போதே அவர் சொல்லும் எச்சரிக்கை கள்வரைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ மட்டும் அன்று. தோட்டத்து வழியில் போனால் இன்ன உயிர் காலில் மிதிபடும், வயல் வழியில் போனால் நண்டும் நந்தும் நசுங்கும் என்பதே அவர் கவலை. சமணத் துறவி நுகத்தடி தூரம் தரையைப் பார்த்தே நடக்க வேண்டும் என்பது விதி. ஈரியா சமிதி என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டார். தலை நிமிர்ந்த மேடை நடை ஔவைக்குச் சரி, அரசனிடமே நிமிர்ந்து பேசுகிறவள் அவள். கவுந்தியின் நடை வேறு.

பாட்டைப் பற்றியும் ஒரு சங்கதி. அந்தப் படத்தில் தெய்வத்தைக் கேள்வி கேட்பதுபோல் வந்த ஓரிடத்தைப் பாட அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை என்றும், அவருக்காகச் சொல் மாற்றப்பட்டது என்றும் சொல்வார்கள். இதைச் சொல்கிறவர்கள் ஒன்று நாத்திகர் பக்கம் நின்று சிரிப்பார்கள், இல்லை பக்தை பக்கம் நின்று மெய்சிலிர்ப்பார்கள். இரண்டு பக்கத்தாரும் கவுந்தியை மறந்துவிட்டார்கள். கவுந்தி அந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார். தண்டிக்கிற தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்க, அப்படி ஒரு தெய்வம் இருப்பதாக முதலில் நம்ப வேண்டுமே! சமணத்தில் அருகன் வழிகாட்டி, கணக்குப் பார்க்கிறவன் அல்லன். கணக்கைப் பார்ப்பது வினை. காப்பியமும் அப்படித்தான் சொல்கிறது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் சங்கமன் என்கிற வியாபாரியை ஒற்றன் என்று பழி சொல்லிக் கொலைக்குக் கொடுத்தான். அதே மாதிரிப் பழி அவனுக்குத் திரும்பி வந்தது. மதுராபதித் தெய்வமே கண்ணகியிடம் இதைத்தான் விளக்குகிறது. தடுக்க முடிந்ததாகச் சொல்லவில்லை. ஆக, எழுதியவரின் கோபமும் பாடியவரின் தயக்கமும் இரண்டுமே கவுந்திக்கு வெளியே நிற்கின்றன.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் அந்தப் படத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிறேன். ஏன் என்றால், ஓடத்தை உவமையாக வைத்து அம்மையார் பாடும் அந்தப் பாட்டுக்காக. தீர்த்தங்கரர் என்ற சொல்லுக்கே ஆற்றைக் கடக்கத் துறை அமைத்தவர் என்று பொருள். பிறவியைக் கடப்பதற்கு ஓடமும் துறையும் சொல்லுவது எங்கள் பழக்கம். எழுதியவர் அதை நினைத்து எழுதினாரா, தெரியாது. அந்தக் குரலில் கேட்கும்போது, இழந்ததைப் பற்றிப் புலம்பாமல், இழந்தவர்களிடம் பேசுகிற ஒரு நிதானம் இருக்கிறது. முப்பது வருஷம் வெள்ளை கட்டிய பிறகு பாடியது அது. முகத்தில் நடிப்பு இல்லை என்று மேலே குறை சொன்னேன் அல்லவா, இங்கே அந்தக் குறையே தகுதியாகிவிடுகிறது. உணர்ச்சியை முகத்தில் காட்டாதவர்தானே துறவி.

கவுந்தியும் குறையே இல்லாதவர் அல்லர். காவிரியைக் கடந்து போகும்போது வழியில் ஒரு பரத்தையும் ஒரு வீணனும் வந்து, இவர்கள் யார் என்று கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறார் அடிகள். உடன்பிறந்தார் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவர்கள் இளிக்க, கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு நடுங்குகிறாள். உடனே அடிகள் இருவரையும் நரியாகும்படி சபித்துவிடுகிறார். சமண நெறிப்படி இது தவறு. குரோதம் துறவிக்கு ஆகாது. கோவலனும் கண்ணகியும் கெஞ்சிய பிறகு பன்னிரண்டு மாதம் என்று எல்லை வைக்கிறார். இளங்கோ இதை மறைக்காமல் எழுதினாரே, அதுதான் பெரிய மனசு. துறந்தவர் நெஞ்சிலும் பாசம் புகுந்துவிட்டது என்று காட்டுகிறார். கே.பி.எஸ். கவுந்தி விரதத்தை விடப் பாசமே மிகுந்த கவுந்தி. ஆக அந்த அளவில் காப்பியத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்.

சமணத் துறவிப் பெண் என்பது இளங்கோ கற்பனை செய்த அதிசயமும் அன்று. கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் பக்கத்து விடால் ஊரில், ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் சொல்கிறது. பெண் ஆசிரியர், ஐந்நூறு பேர், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு! என் கடைக்கு வருகிற குஜராத்திச் சமணர்கள் "மதராஸிகளில் ஜைனர் உண்டா?" என்று ஆச்சரியப்படும்போது நான் எடுத்துச் சொல்வது இதைத்தான். கூடவே கவுந்தியையும். ஒருவருக்கு அந்தப் பாட்டைப் போட்டே காட்டினேன். மொழி தெரியாமலே கை கூப்பினார்.

எனக்கு ஓர் ஏக்கம் உண்டு. கோவலன் இறந்த செய்தி கேட்டுக் கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார் என்பதை மாடலன் வாயால் நீர்ப்படைக் காதையில் ஒரு செய்தியாகத்தான் கேட்கிறோம். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உணவொழித்து முடிந்ததைப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் குன்றுக்கு நான் போயிருக்கிறேன். காற்றுச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. அங்கே நின்றபோது, அந்தக் கடைசி நாட்களை மட்டும் ஒரு காட்சியாக்கி, பாட்டே இல்லாமல் அம்மையாரை உட்கார வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். பாடாத சுந்தராம்பாளை எந்தத் தயாரிப்பாளர் எடுப்பார்!

பாட்டி அதன் பிறகு சினிமாவுக்குப் போகவில்லை. வீட்டு ரேடியோவில் அம்மையாரின் முருகன் பாட்டு வரும்போது, வேற்றுச் சமயப் பாட்டு என்று என் சித்தப்பா நிறுத்தப் போவார். பாட்டி முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "இருக்கட்டும்டா, கவுந்தி பாடறா."