தனியாள் கேமரா

கல்யாண மண்டபத்தில் தனியாளாக வீடியோ எடுப்பவரைச் செலவைக் குறைக்கக் கூப்பிட்ட ஆள் என்றே பலர் நினைக்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்து நிற்பதே அவருடைய தொழில் நுட்பம். மாங்கல்யத் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றத் தொடங்கும்போதே அவர் மேடையில் இடம் பிடித்தாக வேண்டும். 'கெட்டிமேளம்' என்ற குரல் எழுந்ததும் உறவினர் அத்தனை பேரும் எழுந்து நெருக்குவார்கள், அட்சதை பறக்கும், போதாக்குறைக்கு ஆளுக்கொரு செல்போன். முதல் முடிச்சை மாப்பிள்ளையும் மற்ற இரண்டை நாத்தனாரும் போடுவது பல வீடுகளில் வழக்கம் என்பதால், பெண்ணின் பின்கழுத்துப் பக்கமும் ஒரு கண் வேண்டும். அதே நொடியில் தவிலும் நாதஸ்வரமும் உச்சத்துக்கு ஏறும். ஒலி அளவை முன்பே இறக்கி வைக்காதவர் பதிவில் மந்திரமும் மேளமும் சேர்ந்து கரகரப்புத்தான் மிஞ்சும்.

ஒருவரே எல்லாவற்றையும் பிடிக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. முடியாதுதான். ஸ்டாண்டில் நிறுத்திய இன்னொரு கேமரா மேடையை முழுதாகப் பார்த்துக்கொள்ளும். இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமராவானால் கார்டு கெட்டுப்போகும் பயமும் குறையும். அப்படியும் மேடையில் மொய் வரிசை ஓடும்போது பந்தி விட்டுப்போகலாம். அதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை. பெரிய குழு வந்தால் கிரேனும் ட்ரோனும் கூடவே வரும். படம் சரியாக விழவில்லை என்று மாலையை மறுபடி மாற்றச் சொல்லும் கூத்தும் நடக்கும். தனியாள் அப்படி அதிகாரம் செய்ய முடியாது. நடப்பது நடந்தபடி பதிவாவதற்கு அந்த இயலாமையும் ஒரு காரணம்.