நூலகக் காட்சியும் அளவையிலக்கணமும்

நூலகமும் அருங்காட்சியகமும் ஒருங்கமைந்த நிலையங்கள் ஆற்றும் பணி மூன்று: பொருள்களைக் காட்சிக்கு வைத்தல், சொற்பொழிவு நிகழ்த்துதல், பழஞ்சுவடிகளை ஆராய்தல். இவற்றின் மதிப்பைத் துணிதற்குச் சித்தாந்த நூல்கள் கூறும் காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளே கருவியாம்.

தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தை நோக்குக. நாயக்கர் காலத்தே தோன்றி, இரண்டாஞ் சரபோசி மன்னரால் (1798–1832) பெருகிய இந்நூலகம் 1918-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 40,000-க்கு மேற்பட்ட சுவடிகளும் ஓர் அருங்காட்சிப் பகுதியும் ஈண்டுள்ளன. கண்ணாடிப் பேழையுள் ஓலையைக் கண்டு வியந்து மீளுதல், 'ஒரு பொருள் உளது' என்னும் அளவில் நிற்கும் நிருவிகற்பக் காட்சியையே ஒக்கும். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தும் விளங்கியவழியே அது சவிகற்பமாம். ஆதலின், பேழையருகே வைக்குங் குறிப்பு காலத்தையும் அளவையும் மாத்திரங் கூறின் அமையாது. அவ்வேட்டின் பாடம் ஏனைய ஏடுகளினின்றும் எவ்விடத்து வேறுபடுகின்றது என்பதனையும் உணர்த்தல் வேண்டும்.

அற்றேல், அது கற்றார்க்கன்றிப் பிறர்க்குப் பயன்படாதெனின், அங்ஙனமன்று. ஏடுகளிற் காணப்படாத ஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் கோயிற் கல்வெட்டினின்றும் பெறப்பட்டது. இதனைக் கேட்கும் அடியார் உள்ளங் கசியாதிருப்பரோ? இழந்த பதிகத்தை மீட்டளித்தது ஆராய்ச்சியேயன்றோ!

புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1955-இல் தோன்றிச் சைவச் சுவடிகளைத் திரட்டியது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. அப்புகழினும் பெரிது, ஏடுகளை ஒப்புநோக்கி 1961 முதல் வெளியிட்ட இரௌரவாகமமும், 1984 முதல் தி. வே. கோபாலையர் பதிப்பாக வந்த தேவாரமுமே. பேழையுள் அடங்கிய ஓலை காண்பார் சிலர்க்கே உதவும்; பதிப்பு ஓதுவார் அனைவர்க்கும் உதவும்.

இனி, சொற்பொழிவு. உரையளவையாவது இறைவன் மொழியாகிய ஆகமமேயன்றிப் பேசுவார் சொல்லன்று. ஆகலின், பேசுவோர் தங்கூற்றிற்கு ஆதாரமான ஏட்டையோ கல்வெட்டையோ அவைமுன் வைத்தல் கடன்.

நொய்யற்கரை மங்கலம் முதலிய திருப்பூர்ப் பக்கத்தூர்களில் சிறு காட்சி அமைப்பார்க்கும் இதுவே நெறி. அணித்தேயுள்ள அவிநாசி, திருமுருகன்பூண்டி என்னும் பாடல்பெற்ற தலங்களின் கல்வெட்டுப் படிகளைச் சுந்தரர் பதிகங்களோடு இணைத்து, பொருள் விளங்க வைத்தல் சாலும். பொருளுணர்த்தாத காட்சி எத்துணைப் பெரிதாயினும் வேடிக்கையாகவே ஒழியும்.