சோற்றின் கணக்கும் சுவையின் கணக்கும்: உணவுசார் புனைகதைகளை மதிப்பிடும் முறை

புனைகதைகளில் இடம்பெறும் உணவு குறித்த நம் ஆய்வுகள் பெரும்பாலும் பட்டியல்களாகவே முடிந்துவிடுகின்றன. உணவுப் பெயர்கள், சமைக்கும் முறை, வட்டார வழக்கு ஆகியவற்றைத் தொகுத்து, 'உணவுப் பண்பாடு வெளிப்படுகிறது' என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. உணவுக் கட்டுரையை மதிப்பிட இந்த அளவுகோல் போதுமானது. சுவையையும் செய்முறையையும் மண்ணையும் பிழையின்றிச் சொல்வதே அதன் கடமை. புனைகதைக்கு இது போதாது. தொல்காப்பியர் உணவைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். கருப்பொருளோ உரிப்பொருளை விளக்கவே வருகிறது. பட்டியல் ஆய்வு கருப்பொருளோடு நின்றுவிடுகிறது.

ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' (2011) திருவனந்தபுரத்தில் நிகழும் தமிழ்க்கதை. கெத்தேல் சாகிப்பின் உணவகத்தில் எவரிடமும் பணம் கேட்பதில்லை. விரும்புவோர் உண்டியலில் இடலாம். வறிய மாணவனான கதைசொல்லி மாமன் வீட்டில் எண்ணி இடப்பட்ட சோற்றை உண்டவன். இங்கே எண்ணாமல் இடப்பட்ட சோற்றை உண்கிறான். பிற்காலத்தில் சீட்டுப்பணம் முழுவதையும் அவன் உண்டியலில் கொட்டுகிறான். சாகிப்பிடம் எந்த மாற்றமும் இல்லை; வழக்கம்போலவே பரிமாறுகிறார். அதன்பின், எண்ணிச் சோறிட்ட மாமியின் மகளையே அவன் மணக்கத் துணிகிறான். இங்கு மீனும் கோழியும் சுவைக்காக மட்டும் வரவில்லை. கணக்குப் பார்க்காத ஒரு கை, கணக்குப் பார்த்த ஒரு கையை மன்னிக்கக் கற்றுத்தருகிறது. இதுவே கதையின் உரிப்பொருள் எனலாம்.

இதனோடு விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் வங்க நாவலான 'ஆதர்ச இந்து ஹோட்டல்' (1940) ஒப்புநோக்கத்தக்கது. ராணாகாட் ரயில்நிலையக் கடைத்தெருவில் பிறர் உணவகத்தில் சமையற்காரராக உழைக்கும் ஹாஜாரி, இழிவுகளைத் தாங்கி, பெண்கள் சிலர் நம்பிக் கொடுத்த பணத்தால் சொந்த உணவகம் தொடங்குகிறார். பின்னர்த் தம் பழைய முதலாளி நொடித்தபோது அவருக்கே வேலை தருகிறார். இங்கும் முடிவில் நிற்பது பழைய கணக்கைத் தீர்க்காத பெருந்தன்மையே.

வேறுபாடு பார்வைக்கோணத்தில் உள்ளது. வங்க நாவல் சமைப்பவரின் பக்கம் நிற்கிறது; கைப்பக்குவம், உழைப்பு, அவமதிப்பு அனைத்தையும் அவருள் இருந்து காண்கிறோம். தமிழ்க்கதை உண்பவனின் பக்கம் நிற்கிறது. சாகிப்பின் மனம் இறுதிவரை நமக்குத் திறப்பதில்லை. அதனால் அவர் அமுதசுரபியை நினைவூட்டும் தொன்ம உருவாக உயர்கிறார். அதே காரணத்தால் மனிதர் என்ற நிலையில் சற்று மங்குகிறார் என்பதையும் திறனாய்வு சுட்டியாக வேண்டும்.

இவ்விரு படைப்புகளின் உணவுப்பெயர்களை மட்டும் தொகுக்கும் ஆய்வேட்டுக்கு இந்த ஒற்றுமையும் புலப்படாது, இந்த வேறுபாடும் புலப்படாது. எனவே, உணவுசார் புனைகதையை ஆராய்வோர் 'என்ன உண்டனர்' என்பதோடு, 'யார் இட்டார், யார் உண்டார், இருவருக்கும் இடையே நின்ற கணக்கு யாது' என்றும் வினவுதல் வேண்டும்.