546 ரன்களின் பாரம்

2013 நவம்பரில், ஆசாத் மைதானத்தில் நடந்த ஹாரிஸ் கேடயப் போட்டியில், ரிஸ்வி ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளிக்காக 330 பந்துகளில் 546 ரன்கள் குவித்த பதினான்கு பிராயத்துப் பிருத்வி ஷாவை, அடுத்த டெண்டுல்கர் என்று பம்பாய் நகரம் அன்றே தீர்மானித்துவிட்டது. மாதுங்கா தட்கர் மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்பும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் அந்தத் தீர்மானத்துக்கு மறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஐந்து வருஷங்களுக்குள் அதற்குச் சாட்சியங்களும் சேர்ந்தன. 2017 ஜனவரியில், ராஜ்கோட்டில், ரஞ்சி அரையிறுதியில் அறிமுகமாகி நம் தமிழ்நாட்டு அணிக்கு எதிராகவே இரண்டாவது இன்னிங்ஸில் 120 அடித்தார். 2018 பிப்ரவரியில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைத் தலைவராக வென்றார். அதே ஆண்டு அக்டோபரில், அதே ராஜ்கோட்டில், தம் முதல் டெஸ்டிலேயே 134 எடுத்தார்.

அப்புறம் அடிலெய்டு. 2020 டிசம்பரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில், ஸ்டார்க்கின் இரண்டாவது பந்து மட்டையின் உள்விளிம்பில் பட்டு ஸ்டம்பைச் சாய்த்தது. மறு இன்னிங்ஸில் கம்மின்ஸின் பந்து மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்தது. ஐந்து டெஸ்டுகளில் 339 ரன்களோடு அவருடைய டெஸ்ட் கணக்கு அங்கேயே நிற்கிறது. கால் நகராமல் கையை மட்டும் வீசி ஆஃப் திசையில் அடிக்கும் அவருடைய பாணி, பந்து நேராக வரும் களத்தில் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் உள்ளே திரும்பும் பந்துக்கு அது திறந்து வைத்த வாசல். பள்ளிப் பருவத்தில் அந்த வாசலை அடைக்கச் சொல்லும் அவசியம் யாருக்கும் நேரவில்லை. 546 அடிக்கும் பையனிடம் யார்தான் குறை சொல்வார்கள்!

இந்த ஆட்சேபத்துக்கு ஷா அளித்த பதிலெல்லாம் இன்னும் பெரிய எண்ணிக்கைதான். 2021 விஜய் ஹசாரே போட்டியில் 827 ரன்கள். 2023 ஜனவரியில் குவாஹாட்டியில் அஸ்ஸாமுக்கு எதிராக 379. நிம்பால்கரின் 443-க்கு அடுத்தபடியாக ரஞ்சியில் இதுவே உயர்ந்தது. ஆயினும் 2024 அக்டோபரில் மும்பை ரஞ்சி அணியே அவரை விலக்கியது. உடற்தகுதியும் ஒழுங்கும் போதவில்லை என்பது அப்போது எழுந்த பேச்சு. மறுமாதம் ஜெட்டாவில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 75 லட்சத்துக்குக்கூட அவரைக் கேட்பாரில்லை. தேர்வாளரின் துவேஷம் என்று முணுமுணுக்கும் அபிமானிகளுடன் எனக்கு உடன்பாடில்லை.

செம்பூர்வாசியான சூரியகுமார் யாதவை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2010-ல் மும்பைக்காக ரஞ்சியில் இறங்கிய அவர், இந்தியாவுக்கு ஆட முப்பது வயதுவரை காத்திருந்தார்; 2024-ல் இருபது ஓவர் அணியின் தலைவரானார். வாலிபத்தில் எவரும் அவரைத் தெய்வமாக்கவில்லை. ஆகவே தம் ஆட்டத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளும் அவகாசம் அவருக்கு வாய்த்தது என்றே நான் கருதுகிறேன்.

2025-ல் ஷா மகாராஷ்டிரத்துக்குக் குடிபெயர்ந்தார். சென்னையில் புச்சிபாபு போட்டியில் சதம் அடித்தார். அக்டோபரில் ரஞ்சியில் சண்டிகருக்கு எதிராக 156 பந்துகளில் 222. டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில், முன்பு ஆடிய டெல்லி அணியே அவரை அடிப்படை விலைக்கு எடுத்துக்கொண்டது. எல்லோரும் 222-ஐப் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது, அதற்குச் சற்று முன்னர், கேரளத்துக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் பூஜ்யத்துக்கு வெளியேறி, மறு இன்னிங்ஸில் 102 பந்துகள் நின்று எடுத்த 75. இப்படிப்பட்ட, பத்திரிகைத் தலைப்புக்கு உதவாத ஆட்டங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு சேரட்டும். டெஸ்ட் அணிக்கு அவர் பெயரை இன்று நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் மகாராஷ்டிரத்தின் தொடக்க ஆட்டக்காரர் ஸ்தானத்தை, ஓரிரு தோல்விகளைக் காட்டி, இரண்டு பருவங்களுக்காவது அவரிடமிருந்து எவரும் பறிக்கலாகாது.