குருதி சேரும் இடம்: யூதப் பலிச்சட்டமும் வெறியாட்டுப் பாடல்களும்

அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பலிக்குருதியைப் பற்றிய இரு சிந்தனைகள் தனித்தனியே வளர்ந்தன. விவிலிய அறிஞர் ஜேக்கப் மில்குரோம் லேவியராகமத்திற்குப் பேருரை வகுத்தார். அதன் முதல் தொகுதி 1991இல் வெளிவந்தது. தமிழறிஞர் ஜார்ஜ் எல். ஹார்ட், பண்டைத் தமிழ்ப் பாடல்களைப் பற்றிய தம் நூலை 1975இல் வெளியிட்டார். முன்னவர் எழுப்பிய வினாவைச் சங்கப் பாடல்களிடமும் எழுப்பினால், பின்னவரின் விளக்கம் எங்கே நிலைபெறுகிறது, எங்கே தளர்கிறது என்பது புலப்படும்.

மில்குரோமின் வினா எளியது: குருதி எங்கே சேர்கிறது? பாவநிவாரண பலியின் குருதி அதனைக் கொடுப்பவர் உடல்மீது பூசப்படுவதில்லை. பலிபீடத்தின் கொம்புகளிலேயே பூசப்படுகிறது. ஆகவே அக்குருதி தூய்மை செய்வது மனிதரையன்று, மனிதரின் பிழைகளால் மாசுற்ற திருத்தலத்தையே என்பது அவர் முடிபு. குருதியின் உட்பொருளை முன்கூட்டி வரையறுக்காமல், அது செல்லும் திசையிலிருந்து பொருள் காண்பதே அவரது நெறி.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தது. ஏறத்தாழ 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, இல்லாத அப்பீடத்தின் சட்டத்தை மிக நுணுக்கமாக வரையறுக்கிறது. பலியை அறுத்தல், குருதியைக் கலத்தில் ஏற்றல், பீடத்திற்குக் கொண்டுசெல்லல், அங்கே தெளித்தல் எனச் செயல்கள் நான்கு. அறுத்தலைக் குரு அல்லாதாரும் செய்யலாம். ஏற்றல் முதலாகக் குருவுக்கே உரிமை. பீடத்தின் நடுவே சுற்றியோடும் செங்கோடு மேற்குருதியையும் கீழ்க்குருதியையும் பிரிக்கிறது. விலங்காயின் பாவநிவாரண பலியின் குருதி கோட்டின் மேலும், சர்வாங்க தகனபலியின் குருதி கீழும் சேர வேண்டும். பறவையாயின் இம்முறை தலைகீழாகும். மேலே இட வேண்டியதைக் கீழே இட்டால் பலி செல்லாது. இடத்தைப் போலவே கருத்தும் பிழைக்கலாகாது. ஒரு பலியை வேறொரு பலியின் பெயரால் அறுத்தால், அது செல்லுமாயினும் உடையவரின் கடமை தீர்ந்ததாகாது. பஸ்கா பலியும் பாவநிவாரண பலியுமோ முற்றிலும் செல்லாதனவாகும்.

இனி வெறியாட்டுப் பாடல்களை நோக்கலாம். வெறிபாடிய காமக்கண்ணியாரின் அகநானூறு 22ஆம் பாடலில் களம் செவ்வனே அமைக்கப்படுகிறது, பலி கொடுக்கப்படுகிறது, செந்தினை குருதியுடன் தூவப்படுகிறது. சடங்கில் குறையேதுமில்லை. எனினும் தலைவியின் துயர் தீர்ந்தது நள்ளிரவில் மறைந்து வந்த தலைவனால். பிறர் அதனை முருகனின் அருளெனக் கொள்ள, உண்மையறிந்த அவள் தனக்குள் நகைக்கிறாள். வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தனாரின் குறுந்தொகை 362ஆம் பாடலில் வேலன் ஆட்டுக்குட்டியைக் கொன்று தலைவியின் நெற்றியைத் தடவுகிறான். அவளை வருத்தியவன் மலைநாட்டுத் தலைவனாயிற்றே, அவன் மார்பும் இப்பலியை உண்ணுமோ என்று தோழி வினவுகிறாள்.

மிஷ்னாவின் மொழியில் கூறின், தோழி எழுப்புவது உரிமை பற்றிய வினா: இப்பலி யார் பெயரால் இடப்பட்டது? குருதி சேர வேண்டிய இடத்திற்குச் சேரவில்லை என்பது அவள் வழக்கு. சட்டநூல் தவறான சேர்க்கையை விலக்குவதற்காகவே எழுந்தது. அகப்பாடலோ அத்தவற்றின் மீதே தன் சுவையை நிறுத்துகிறது. குருதி உரியவரைச் சென்றடைந்திருப்பின் இவ்விரு பாடல்களுக்கும் இடமே இல்லை.

அணங்கு என்பது பொருள்களிலும் இடங்களிலும், சிறப்பாகப் பெண்ணிடத்தும் உறையும் ஆற்றல், கட்டுப்படுத்தாவிடின் ஊறு செய்வது என்பது ஹார்ட்டின் துணிபு. புறநானூறு 50இல் முரசு குருதி வேட்கை உடையதாகக் கூறப்படுவதும், அகநானூறு 35இல் நடுகல்லுக்குக் கள்ளும் ஆட்டுப்பலியும் படைக்கப்படுவதும் இதற்கு அரண் செய்கின்றன. ஆயின் வெறியாட்டுப் பாடல்கள் அவ்வாறு இணங்குவதில்லை. அகநானூறு 22இல் அணங்கு உடையதாகச் சுட்டப்படுவது மலை. குறுந்தொகை 362இல் அணங்குதல் ஆடவனின் வினை. அணங்கின் பொருளைப் பெண்ணின் புனித ஆற்றலாகச் சுருக்கலாகாது என 1986இல் வி. எஸ். ராஜம் எழுதிய மறுப்பு இவ்விடத்தில் வலுப்பெறுகிறது. மேலும், சடங்கை நம்பாத ஒருத்தியின் கூற்றைச் சடங்கிற்குச் சான்றாகக் கொள்ளும்போது, அவளது ஐயம் ஆய்விலிருந்து நழுவிவிடுகிறது.

இதனால் பாடல்களில் வரும் பலிச்செய்தி பொய்யென்பது பெறப்படாது. திருமுருகாற்றுப்படையில் குறமகள் குருதி கலந்த அரிசியைப் பலியாக இட்டு முருகனை வரவழைக்கும் பகுதியில் நகையும் ஐயமும் இல்லை. அங்கே பலி தன் இறைவனை அடைகிறது. செயலும் பொருளும் ஏறத்தாழ ஒன்றே. கூறுபவரும் ஏற்பவரும் வேறு. அவ்வேறுபாட்டைக் கருதாமல் இரு வகைப் பாடல்களையும் ஒரே சமயத்தின் ஆவணமாக அடுக்குதல் பொருந்தாது.

மிஷ்னாவும் இவ்வெச்சரிக்கைக்கு உட்பட்டதே. அது நடந்ததை மட்டுமன்றி, நடந்திருக்க வேண்டியதையும் கூறுகிறது. குருதி சேரும் இடங்களைக் கூறும் அதன் இயல் இன்றும் யூதரின் காலை வழிபாட்டில் ஓதப்படுகிறது. நியூஜெர்சி மாநிலத்தின் லேக்வுட் நகரில் 1943இல் நிறுவப்பட்டது போன்ற தல்மூத் கல்விக்கூடங்களில், பீடமின்றியே அதன் சட்டம் பயிலப்படுகிறது. பலியின் நெறியைக் கற்றலே பலியிடுதலுக்கு ஒப்பாகும் என்பது அம்மரபின் கொள்கை. தமிழில் வேலனின் சட்டநூல் ஒன்றும் எஞ்சவில்லை. எஞ்சியிருப்பது அவனை நோக்கித் தோழி கேட்ட கேள்வி. சங்க காலச் சமயத்தை மீட்டெழுத முற்படும் ஆய்வு, அக்கேள்விக்கு விடை கண்ட பின்னரே குருதியின் பொருளை உரைத்தல் வேண்டும்.