கரையில் நின்றபடியே கூட்டைப் பார்க்க: கொள்ளுக்குடிப்பட்டியில் நிக்கான் பி950

காட்டுயிர்ப் படம் எடுக்கக் கேமரா வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, பறவைக்கு எவ்வளவு கிட்டே போகலாம் என்றுதான். செட்டிநாட்டுக் கண்மாய்க் கரைக்கு வருகிறவர்கள் கேட்க வேண்டியது, எவ்வளவு தள்ளி நின்று நல்ல படம் எடுக்கலாம் என்பதுதான்.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூரைத் தாண்டி மதுரை சாலையில் போனால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள் சேர்ந்தது. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால் நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, வக்கா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் வந்து கருவேல மரங்களில் அடையும். குஞ்சுகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் இனிப்புக் கொடுத்து அவர்களைப் பாராட்டுவதும் வழக்கம். பிள்ளைகள் பட்டாசையே விட்டுக்கொடுத்திருக்கும் ஊரில், ஒரு படத்துக்காகத் தண்ணீருக்குள் இறங்கிக் கூட்டருகே போவது நியாயமாகாது. நிக்கான் கூல்பிக்ஸ் பி950 கேமராவை இந்த அளவுகோலை வைத்துத்தான் இங்கே பயன்படுத்திப் பார்த்தேன்.

கையில் எடுத்தால்

2020-இல் வெளிவந்த மாடல். லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஒரே லென்ஸ் 24 மி.மீ.யிலிருந்து 2000 மி.மீ.க்கு இணையான தூரம் வரை, அதாவது 83 மடங்கு, நீள்கிறது. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. பெரிய சென்சார் கேமராவில் இந்த எட்டத்துக்கு அருகே போக வேண்டுமானால்கூட லென்ஸ் விலையே லட்சங்களில் போகும், ட்ரைபாடும் தூக்க வேண்டும். காட்டுயிர்ப் படக்கலைஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) தனித்தனி உறுப்புகளைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கனமான கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயர் வைத்து, அதைச் சுமந்துகொண்டு காடெல்லாம் நடந்தார். அந்தப் பாரம் இல்லாமல் கரை நெடுக நடக்க முடிகிறது என்பதே பி950-இன் முதல் நன்மை.

நடக்கத் தொடங்குமுன் மெனுவில் இரண்டு வேலை உண்டு. ஷட்டர் ஒலியை அணைத்துவிடுங்கள். இருட்டில் ஃபோகஸுக்கு உதவ எரியும் சிறுவிளக்கையும் அணைத்துவிடுங்கள்.

விடியுமுன்

மார்கழியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் எழும். அதற்கு முன்பே வக்காக்கள் இரவு மேய்ச்சல் முடிந்து மரத்துக்குத் திரும்பத் தொடங்கிவிடும். இந்த நேரம் பி950-க்கு ஏற்றதல்ல. அதன் 1/2.3 அங்குல சென்சாரின் பரப்பு, முழு ஃபிரேம் சென்சாரில் முப்பதில் ஒரு பங்குதான். முழு ஜூமில் லென்ஸின் திறப்பும் எஃப் 6.5-க்குச் சுருங்கிவிடுகிறது. ஐஎஸ்ஓவை 1600-க்கு மேல் ஏற்றினால் இறகின் நுணுக்கம் கரைந்து சாயம் பூசினாற்போல் ஆகிறது. வெளிச்சம் வரும்வரை ஜூமை 500 மி.மீ. அளவில் நிறுத்தி, மரமும் நீரும் பறவைக் கூட்டமும் சேர்ந்த காட்சிகளை எடுப்பதே சரி.

விடிந்த பின்

ஏழிலிருந்து ஒன்பது மணி வரை இந்தக் கேமராவின் நேரம். கிழக்குப் பக்கமாக நின்று, வெயில் முதுகில் படும்படி மேற்கே பார்த்து எடுங்கள். முழு ஜூமில் நத்தைகுத்தி நாரையின் அலகைப் பார்த்தேன். மேலலகும் கீழலகும் நுனியில் சேர்ந்திருக்க, நடுவில் இடைவெளி. அந்த இடைவெளி வழியே பின்னாலிருந்த கருவேல இலை பச்சையாகத் தெரிந்தது. இந்த அலகுதான் நத்தையைப் பற்றி, ஓட்டிலிருந்து சதையை எடுக்க உதவுவது. இதைப் பார்க்கக் கரையை விட்டு ஓர் அடிகூட இறங்க வேண்டியிருக்கவில்லை.

இத்தனை ஜூமில் பறவை லேசாக அசைந்தாலே சட்டத்தை விட்டுப் போய்விடும். அதற்கு லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் காட்சி விரியும், பறவை இருக்குமிடம் தெரியும், விட்டால் பழைய ஜூமுக்கே திரும்பும். பறவைக்கென்றே டயலில் தனி முறையும் உண்டு. ஆனால் முன்னால் முள்கிளை இருந்தால் ஃபோகஸ் கிளையில்தான் போய் நிற்கிறது. அப்போது லென்ஸின் பக்கவாட்டிலுள்ள டயலைத் திருப்பிக் கையாலேயே ஃபோகஸ் செய்ய வேண்டும். கை நடுக்கத்தை அதிர்வுத்தடுப்பு நன்றாகவே சமாளிக்கிறது. மோனோபாட் இருந்தால் இன்னும் நல்லது.

பறக்கும் பறவை இதன் பலவீனம். வினாடிக்கு 7 படம் வீதம் 10 படம் எடுத்ததும், அவை கார்டில் பதியும்வரை காத்திருக்க வேண்டும். நாரை கூட்டில் இறங்கும் கணத்தைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு இது போதாது.

வெயில் ஏறியதும்

ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும். 2000 மி.மீ.யில் அது படத்தையே நெளியவைக்கும். எந்தக் கேமராவாலும் அதைத் திருத்த முடியாது. அப்போது ஜூமைக் குறைத்து, கரையோரத்து மீன்கொத்தி, பனங்காடை, ஆட்காட்டி பக்கம் திரும்பலாம். முழு ஜூமில் ஐந்து மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி ஒரு சார்ஜுக்குச் சுமார் 290 படம் தாங்கும் என்பது நிறுவனக் கணக்கு. கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்வது அவசியம். பவர் பேங்க்கிலிருந்தும் சார்ஜ் ஏற்றலாம். தூசி, மழை புகாத காப்பு இல்லை. இந்தப் பக்கத்துச் செம்மண் புழுதிக்கு மூடிய பை கட்டாயம்.

தீர்ப்பு

அடர்ந்த காட்டுக்கோ, இருட்டுக்கோ, பறக்கும் பறவைக்கோ பி950-ஐப் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சமுள்ள திறந்த கண்மாயில், கூட்டிலிருக்கும் பறவையைத் தொந்தரவு செய்யாமல் கற்கவும் பதிவு செய்யவும் விரும்புகிறவர்களுக்கு இந்த எடையில் இது மிக நல்ல துணை. புதிதாகக் கிடைக்காவிட்டால் பழையதாக வாங்கலாம்; வாங்குமுன் லென்ஸ் முழுதும் நீண்டு சுருங்குகிறதா என்று பாருங்கள். எதை வாங்கினாலும், கொள்ளுக்குடிப்பட்டிக்கு வரும்போது கரையிலேயே நில்லுங்கள். இவ்வூர் மக்கள் காத்துத் தந்த அமைதியை நாமும் காப்போம்.